அக்காவின் எலிப்பொறிகளும் அப்பாவின் கடிதமும்

பால்மாவு டின்னைக் கடையிலேயே திருப்பித் திருப்பிப் பார்த்து, எந்த நாட்டுச் சரக்கு என்று கேட்டு, கடைக்காரர் சொன்னதை நம்பாமல் வெறுங்கையோடு திரும்பி வந்த வருஷம் ஒன்று உண்டு. என் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ரஷ்யாவில் அணு உலை வெடித்துவிட்டது என்று வானொலியில் சொன்னார்கள். அந்த உலை எங்கே, பினாங்கு எங்கே. ஆனால் காற்றில் போனது புல்லில் இறங்கும், புல் மாட்டுக்குப் போகும், மாடு பாலைக் கொடுக்கும், பால் மாவாகிக் கப்பலேறி ஜெலுத்தோங் சந்தைக்கு வரும் என்று யாரோ சொல்லிவைக்க, எங்கள் அடுக்குமாடியில் ஒரு மாதம் எல்லோரும் பால் விடாத காப்பிதான் குடித்தார்கள். அம்மா அதையும் முகர்ந்து பார்த்துவிட்டே குடித்தாள். மணமே இல்லாத ஒன்றை எதற்காக முகர்கிறாய் என்று அவளை யாரும் கேட்கவில்லை.

சந்தேகம் எனக்குத் தாய்ப்பாலோடு வந்தது. இன்றைக்கும் கதவைப் பூட்டிவிட்டு மூன்று தடவை இழுத்துப் பார்ப்பேன். பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அந்த வருஷம் என் சந்தேகம் செய்த காரியத்தை மட்டும் அவர்களிடம் சொன்னதில்லை. உங்களிடம் சொல்லலாம். நீங்களும் அந்தக் காலத்து ஆட்கள், உங்கள் வீட்டிலும் யாராவது யாரையாவது ஒட்டுக்கேட்டிருப்பார்கள்.

வீட்டில் நாங்கள் நான்கு பேர். அப்பா அரசாங்க அலுவலகம் ஒன்றில் தலைமை எழுத்தர். அவருடைய அப்பாவும் எழுத்தர்தான், யாழ்ப்பாணத்திலிருந்து பேனாவை நம்பிக் கப்பலேறி வந்தவர். அந்தத் தமிழை அப்பாவும் அம்மாவும் கடைசிவரை விடவில்லை. நானும் அக்காவும் கீழ்வீட்டுப் பிள்ளைகளின் தமிழைப் பேசி வாங்கிக் கட்டிக்கொள்வோம். அக்கா ஃபார்ம் ஃபைவ், இடைநிலைப்பள்ளியின் கடைசி வருஷம், அறிவியல் பிரிவு. நான் ஸ்டாண்டர்ட் ஃபைவ். எங்கள் இருவருக்கும் ஒரே அறை, ஒரே கட்டில், ஒரே கொசுவலை. கீழே மோட்டார் சைக்கிள் பட்டறை. பகல் முழுக்க இரும்புச் சத்தமும் எண்ணெய் வாடையும் ஜன்னல் வழியாக ஏறி வரும்.

அக்காவுக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. கெலுகோர் மேட்டில் பல்கலைக்கழகம் இருக்கிறதல்லவா, அங்கே பௌதிகம் படிக்க வேண்டும். பஸ் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் பேச்சை நிறுத்திவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள். அப்பாவின் சம்பளத்தில் அது நடக்காது, உபகாரச் சம்பளம் கிடைத்தால்தான் உண்டு என்று எல்லோருக்கும் தெரியும். அதற்குப் பரீட்சையும் வேண்டும், பள்ளியின் நற்சான்றும் வேண்டும். பரீட்சையைப் பற்றி யாருக்கும் கவலை இருந்ததில்லை.

அந்த வருஷம் இரண்டாம் தவணையில் அக்கா மாறிப்போனாள். மேசை இழுப்பறைக்குப் பூட்டு வந்தது. பழுப்புத் தாள் அட்டை போட்ட ஒரு நோட்டில் எதையோ எழுதிக்கொண்டே இருப்பாள், நான் அறைக்குள் வந்தால் மூடிவிடுவாள். வெளிநாட்டுத் தபால்தலை ஒட்டிய தடித்த உறை ஒன்று வந்தது. அதை அம்மா பார்ப்பதற்கு முன்னால் தபால்பெட்டியிலிருந்து எடுத்துப் பாவாடைக்குள் செருகிக்கொண்டதை நான் படிக்கட்டில் நின்று பார்த்தேன். பதினொரு வயதுப் பெண்ணுக்கு இதற்கு ஒரே அர்த்தம்தான் உண்டு. காதல்.

அன்றிலிருந்து நான் அக்காவின் நிழலானேன். சனிக்கிழமை சந்தைக்குப் போனால் பின்னாலேயே போவேன். அவள் வளையல் கடைக்குப் போகவில்லை, யாரையும் சந்திக்கவில்லை. இரும்புச் சாமான் கடையில் மூன்று எலிப்பொறி வாங்கினாள். பலகையில் கம்பிச்சுருள் அடித்திருக்குமே, பட்டென்று மூடிக்கொள்ளும் ரகம். அங்கிருந்து அடுத்த தெருவில் வேறொரு கடையில் நான்கு. அதற்கப்புறம் சீனத்துக் கிழவர் ஒருவரின் ஒட்டுக்கடையில் இரண்டு. ஒவ்வொரு சனிக்கிழமையும் இப்படியே. ஒரே கடையில் வாங்கினால் எதற்கு என்று கேட்பார்கள் என்று பிரித்து வாங்குகிறாள் என்பது எனக்குப் புரிந்தது. எலியைக் காதலிப்பவள் எந்த ஊரிலும் இல்லையே என்று குழம்பிப் போனேன்.

பிறகு ஒரு நாள் நிபோங் திபாலிலிருந்து மாமா வந்தார். அம்மாவின் தம்பி, அங்கே ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி. பஸ், ஃபெர்ரி, மறுபடி பஸ் என்று ஒரு சாக்கைச் சுமந்து வந்து அக்காவிடம் கொடுத்துவிட்டு, "மருமகள் கேட்டாள், பொறுக்கிக்கொண்டு வந்தனான். ஏன் எண்டு கேக்கக் கூடாதாம்" என்று சிரித்தார். சாக்கு நிறைய ரப்பர் கொட்டை. புள்ளி புள்ளியாக, வழுவழுவென்று, தரையில் தேய்த்துத் தொடையில் வைத்தால் சுடுமே, அதே கொட்டைதான். சாக்கு எங்கள் கட்டிலுக்கடியில் போனது. இரவில் புரண்டு படுத்தால் காலுக்குக் கீழே அதன் பழைய எண்ணெய் மணம் வரும்.

எலிப்பொறி விஷயத்தைக் கீழ்வீட்டுப் பிள்ளைகளின் தாய்தான் முதலில் அம்மாவிடம் போட்டு உடைத்தார். "என்னக்கா, ஒங்க வீட்ல எலி ரொம்ப தொல்லையா? பெரிய பொண்ணு சந்தையில இருக்கற பொறியெல்லாம் வாங்கிட்டுப் போவுதாமே." அம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. வீட்டைத் தினம் இரண்டு தடவை துடைக்கிற பெண்மணி. "எங்கட வீட்டில எலி இல்லை" என்று சொல்லிவிட்டு வந்து, அலமாரிகளை எல்லாம் நகர்த்தி எலி தேடினாள். கிடைக்காத எலி கிடைத்த எலியைவிட மோசம். அன்று மாலை எங்கள் வீட்டில் இருவர் சந்தேகத்தில் இருந்தோம்.

ஒரு மத்தியானம் அக்கா குளிக்கப் போனபோது இழுப்பறை பூட்டாமல் கிடந்தது. நோட்டை எடுத்துப் பிரித்தேன். காதல் கடிதம் ஒன்றுகூட இல்லை. பெரிய வட்டத்தை ஒரு சின்னப் புள்ளி இடிக்கிற படம். அது இரண்டாகப் பிளந்து புள்ளிகளைத் துப்புகிற படம். இன்னொரு பக்கத்தில் நீண்ட உருளை ஒன்று, அதற்குள் இரண்டு துண்டுகள் தள்ளித் தள்ளி இருந்தன. மேலே மலாயில் கொட்டை எழுத்தில் 'அணுகுண்டு' என்று எழுதியிருந்தது. என் நெஞ்சு அடித்துக்கொண்டது. பயம் என்று இத்தனை நாள் எனக்கே சொல்லி வந்தேன். பொய். அது சந்தோஷம். கடைசியில் பெரிதாக ஒன்று அகப்பட்டுவிட்டது.

அப்பா அலுவலகத்திலிருந்து வந்து சட்டையைக் கழற்றுவதற்குள் சொல்லிவிட்டேன்.

"அப்பா, அக்கா குண்டு செய்யறது எப்படின்னு நோட்டுல எழுதி வச்சிருக்கா. கட்டிலுக்கு அடியில எலிப்பொறி நாப்பத்தெட்டு இருக்கு. நான் எண்ணிட்டேன்."

அப்பா கழற்றிய பொத்தான்களை மறுபடி மாட்டிக்கொண்டார். சொன்னது நான் என்று அக்காவிடம் காட்டிக்கொடுப்பதில்லை என்று எனக்குச் சத்தியம் செய்தார். அரசாங்க ஊழியர், வாக்குத் தவறமாட்டார்.

சாப்பிட்டு முடித்துத் தட்டுகளை எடுக்குமுன், "உன்ர கொப்பியை ஒருக்கால் கொண்டு வா பிள்ளை" என்றார். அக்கா எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். பிறகு நோட்டையும், அந்த வெளிநாட்டு உறையையும், ஒரு கை ரப்பர் கொட்டையையும் எடுத்து வந்தாள். பள்ளிக் கண்காட்சிக்காம். யாரும் முன்கூட்டிப் பார்த்துவிடக் கூடாது, தோழிகள் காப்பியடித்துவிடுவார்கள், அதற்காகத்தான் இத்தனை பூட்டும் சாவியும்.

"யுரேனியம்னு ஒரு உலோகம் பா" என்று ஆரம்பித்தாள். "அதோட அணு நடுவுல ஒரு கரு. அதுல ஒரு நியூட்ரான் போய் இடிச்சா கரு ரெண்டா பிளக்கும். பிளக்கறப்போ பயங்கர சூடு வரும், கூடவே ரெண்டு மூணு புது நியூட்ரானும் வரும். அந்த ரெண்டும் மூணும் பக்கத்து அணுவை இடிக்கும். ஒண்ணு ரெண்டாகும், ரெண்டு நாலாகும், நாலு எட்டாகும். கண் மூடித் திறக்கறதுக்குள்ள எல்லாம் பிளந்துரும்."

அப்பா கொட்டைகளை மேசையில் தள்ளித் தள்ளி வைத்துப் பார்த்தார். அவர் மூளை மந்தமில்லை. "அப்பிடியெண்டால் மண்ணுக்குள்ள கிடக்கிற யுரேனியம் ஏன் தன்பாட்டில வெடிக்கேல்லை?"

அக்காவின் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். யாராவது அதைக் கேட்க வேண்டும் என்று மாதக்கணக்கில் காத்திருந்தவள். "அதுதான் பா கேள்வி. மண்ணுல இருக்கறதுல சட்டுனு பிளக்கற வகை ரொம்பக் கம்மி. அப்புறம், கொஞ்சமா இருந்தா நியூட்ரான் எதையும் இடிக்காம வெளிய ஓடிப் போயிரும். போதுமான அளவு ஒரே இடத்துல சேரணும். தனித்தனியா இருக்கறவரைக்கும் ரெண்டு துண்டும் சும்மா இரும்பு மாதிரிதான். சேர்த்துட்டா முடிஞ்சுது."

உறைக்குள் ஒரு சின்னப் புத்தகம் இருந்தது. ஜப்பானில் அமைதிக்காக வேலை செய்யும் ஒரு குழுவுக்கு அக்கா கடிதம் எழுதிக் கேட்டிருக்கிறாள், அவர்கள் அனுப்பியிருக்கிறார்கள். அப்பா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார். ஒரு படத்தில் கல் படிக்கட்டு இருந்தது. படியில் ஒரு கறுப்புக் கறை. உட்கார்ந்திருந்த ஆளின் நிழல் அது, ஆள் இல்லை என்று அக்கா சொன்னாள். வெப்பத்தில் செத்தவர்கள் முதல் நாளே செத்தார்கள், கதிர்வீச்சில் செத்தவர்கள் பல்லும் முடியும் கொட்டி வாரக்கணக்கில் செத்தார்கள், வருஷங்கள் கழித்து இரத்தப் புற்று வந்தும் செத்தார்கள் என்றாள்.

அப்பா புத்தகத்தை மூடினார். "உனக்குத் தெரியாது பிள்ளை. ஜப்பான்காரன் இஞ்ச மூண்டரை வருஷம் இருந்தவன். என்ர அண்ணனைச் சயாம் ரயில்பாதை வேலைக்கு எண்டு லொறியில ஏத்திக்கொண்டு போனவங்கள். அந்தக் குண்டு விழேல்லை எண்டால் நாங்கள் ஒருத்தரும் மிஞ்சியிருக்க மாட்டம்."

நம் வீடுகளில் அந்தத் தலைமுறை முழுவதும் இதைச் சொல்லும். குண்டு என்றால் அவர்களுக்கு விடுதலை. அக்கா மெதுவாகத்தான் பதில் சொன்னாள்.

"பெரியப்பாவைக் கொண்டு போனது பட்டாளத்துக்காரன் பா. குண்டு விழுந்தது பள்ளிக்கூடத்துக்குப் போயிட்டிருந்த பிள்ளைங்க மேல. குண்டுக்கு ஆள் பார்க்கத் தெரியாது. இப்ப அத விட பெருசு ஆயிரக்கணக்குல ரெண்டு பக்கமும் வச்சிருக்காங்க. அவன் முதல்ல போட்ருவானோன்னு இவனுக்குச் சந்தேகம், இவன் போட்ருவானோன்னு அவனுக்கு. அதனாலயே ரெண்டு பேரும் இன்னும் செய்யறாங்க."

அப்பா மேசையில் கிடந்த கொட்டைகளைக் கூட்டி அவள் பக்கம் நகர்த்தினார். பிறகு, "வடிவாய்ச் செய்திருக்கிறாய்" என்றார். அவர் வாயிலிருந்து அப்படி வருவது அபூர்வம். அக்கா அன்றைக்குப் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே பாத்திரம் கழுவினாள். விஷயம் அத்தோடு முடிந்திருக்க வேண்டும்.

முடியவில்லை, ஏனென்றால் அப்பாவுக்குப் பயம் வந்தால் கடிதம் எழுதுவார். மாடிக் குழாய் ஒழுகினால் கடிதம். ஒருமுறை ஃபெர்ரியில் குடையைத் தொலைத்துவிட்டு, மேற்படி குடையைக் கண்டெடுத்தவர் அதைக்கொண்டு ஏதேனும் குற்றம் புரிந்தால் தனக்குப் பொறுப்பில்லை என்று போலீசுக்கு எழுதி அனுப்பியவர். அதற்கும் 'கவனத்தில் கொள்ளப்பட்டது' என்று பதில் வந்தது. அதைத் துளையிட்டுக் கோப்பில் போட்டு வைத்திருந்தார். எழுத்தில் இருந்தால் பயமில்லை, நாளைக்கு ஒருத்தனும் ஒன்றும் சொல்ல முடியாது என்பது அவருடைய வேதம். வெள்ளைக்காரன் காலத்து அலுவலகத்தில் அது பலித்திருக்கும். எங்கள் காலத்தில் வாய்விட்டுப் பேசவே ஆட்கள் கதவைச் சாத்திக்கொண்டார்கள். யாரை எப்போது விசாரணைக்குக் கூப்பிடுவார்கள் என்று தெரியாத வருஷங்கள், உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை தட்டச்சு இயந்திரத்தை மேசைக்கு இழுத்தார். கார்பன் தாளை நேராகப் பிடித்துக்கொடுத்தது நான். என் மூத்த மகள் பள்ளிக் கண்காட்சிக்காக அணுகுண்டின் தத்துவத்தை விளக்கும் மாதிரி ஒன்றைத் தயாரித்து வருகிறாள் என்பதையும், அதில் வெடிபொருள் எதுவும் இல்லை என்பதையும், இதுகுறித்த சகல விவரங்களும் எனக்குத் தெரியும் என்பதையும் முன்கூட்டியே பணிவுடன் அறியத் தருகிறேன். போலீசுக்கு ஒன்று, பள்ளித் தலைமையாசிரியைக்கு ஒரு நகல், தன் இலாகாத் தலைவருக்கு ஒரு நகல். தபால்தலையை நாக்கில் நனைத்து ஒட்டியதும் நான்தான். அக்கா அப்போது கோயிலுக்குப் போயிருந்தாள்.

அம்மாவுக்குச் சொன்னபோது அவள் தலையில் கைவைத்துக்கொண்டாள். "எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதையாய் இருக்கு."

"நீர் சும்மா இரும். எழுத்தில போட்டாச்சு, இனிப் பயமில்லை" என்றார் அப்பா.

இரண்டு வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை மத்தியானம் ஒருவர் வந்தார். பாத்திக் சட்டை, எண்ணெய் வைத்து வாரிய தலை, தமிழர்தான். செருப்பை வாசலில் ஒழுங்காக ஜோடி சேர்த்து விட்டார். போலீசில் சீருடை போடாத பிரிவு என்று அவர் சொல்லவில்லை. அப்பாவின் கடிதத்தைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து விரித்ததும் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. "சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன் சார். நீங்களே எழுதிட்டீங்க, நாங்க வந்து பாக்கலன்னா நல்லா இருக்காது லா." அம்மா காப்பி போட்டாள்.

அக்காவுக்கு மட்டும் பயமில்லை. அப்பா கடிதம் எழுதியதே அவளுக்கு அப்போதுதான் தெரியும். ஒரு கணம் அப்பாவைப் பார்த்தாள், பிறகு தோளைக் குலுக்கிக்கொண்டு வேலையில் இறங்கினாள். அவளுடைய மாதிரியைப் பார்க்க முதன்முதலாக வெளியாள் ஒருவர் வந்திருக்கிறார். நடு அறையில் எங்கள் கொசுவலையைக் கட்டினாள். அதற்குள் புகுந்து பொறிகளை ஒவ்வொன்றாக நாணேற்றி, ஒவ்வொன்றின் மேலும் இரண்டு ரப்பர் கொட்டை வைத்தாள். பொறி ஒவ்வொன்றும் ஓர் அணு, கொட்டைகள் நியூட்ரான். ஒரு மணி நேரம் ஆயிற்று. கட்டைவிரலில் இரண்டு தடவை அடி வாங்கினாள், சப்பிக்கொண்டு தொடர்ந்தாள். வந்தவர் பொறுமையாக உட்கார்ந்திருந்தார். கொசுவலையின் ஒரு முனையைக்கூடப் பிடித்துக் கொடுத்தார்.

முதலில் பத்தே பொறிகளைத் தள்ளித் தள்ளி வைத்து, மேலிருந்து ஒரு கொட்டையைப் போட்டாள். ஒன்று அடித்தது. அதிலிருந்து தெறித்த கொட்டைகள் வெறுந்தரையில் விழுந்து உருண்டன. "பாத்தீங்களா சார், நின்னு போச்சு." பிறகு நாற்பத்தெட்டையும் நெருக்கி வைத்துவிட்டு வெளியே வந்து, வலையின் உச்சியில் ஒரு ஓட்டையைக் காட்டி அவர் கையில் ஒரு கொட்டையைக் கொடுத்தாள்.

"நீங்களே போடுங்க சார்."

அவர் போட்டார். மூன்று வினாடிகூட இருக்காது. சத்தம் ஒன்றோடொன்று சேர்ந்து ஒரே இரைச்சலாயிற்று. வலை முழுக்கக் கொட்டைகள் துள்ளி மோதின. பொறிகள் கவிழ்ந்து ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன. கீழே பட்டறையில் தட்டுவதை நிறுத்திவிட்டு யாரோ மேலே பார்த்துக் கத்தினார்கள். பிறகு கடைசிக் கொட்டை உருண்டு நின்றது. அம்மா காதிலிருந்து கையை எடுக்கவில்லை.

"ஆரம்பிச்ச பிறகு நிறுத்த வழியே இல்லையா?" என்று அவர் கேட்டார். குரல் மாறியிருந்தது.

"இல்ல சார். கொட்டையைப் போடாம இருக்கறதுதான் வழி."

அவர் சிரித்தார், பாக்கெட் நோட்டை எடுத்தார். "யாரும்மா இதெல்லாம் சொல்லிக் குடுத்தது?"

"யாரும் இல்ல சார். நானே படிச்சேன்."

"டீச்சரு?"

"டீச்சருக்கு இவ்வளவு தெரியாது சார்."

அக்கா கர்வத்தில் சொல்லவில்லை, உண்மை அதுதான். அவர் எழுதிக்கொண்டார். "நம்ம நாட்டுல இந்தக் குண்டு இல்லையே. அப்புறம் ஏன் இந்தத் தலைப்பு?"

"குண்டு இல்லன்னாலும் காத்து இங்கயும் அடிக்குமே சார். பால்மாவுக்கே பயப்படறோம்."

அதையும் எழுதினார். மேசை மேலிருந்த ஜப்பான் புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். படிக்கட்டுப் படத்தில் கொஞ்சம் நின்றார். "வெளிநாட்டுல யாரும்மா பழக்கம்?" என்றார். பழக்கமில்லை, கடிதம் எழுதிக் கேட்டேன் என்றாள் அக்கா. அவர் அப்பாவின் பக்கம் திரும்பினார், கடிதத்தில் விரலை வைத்தார்.

"சார், சகல விவரமும் தெரியும்னு எழுதியிருக்கீங்க. இந்தப் புத்தகம் வந்தது ஒங்களுக்குத் தெரியுமா?"

அந்த மேசையிலேயே, அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அப்பா அந்தப் புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் பார்த்தவர். அக்காவுக்குத் தெரியும், எனக்கும் தெரியும்.

"தெரியாது" என்றார் அப்பா.

அக்கா குனிந்து கொட்டைகளைப் பொறுக்க ஆரம்பித்தாள். நான் வாயைத் திறந்திருக்கலாம். அப்பா பார்த்தாரே என்று சொல்ல ஒரு வினாடி போதும். எல்லாவற்றையும் சொல்லும் பிள்ளை அன்றைக்கு வாயை மூடிக்கொண்டது. வந்தவர் கிளம்பும்போது, "நல்லா விளங்க வைக்கறீங்கம்மா" என்று அக்காவைப் பாராட்டினார். அவர் கடைசியாக நோட்டில் எழுதியதை நான் தலைகீழாகப் படித்துவிட்டேன். மலாயில் 'மிகவும் கெட்டிக்காரி' என்று எழுதியிருந்தார். எனக்குப் பெருமையாக இருந்தது. அந்த நோட்டில் அந்த வார்த்தைக்கு என்ன பொருள் என்று புரிய எனக்கு வயது போதவில்லை.

அதற்குப் பிறகு யாரும் வீட்டுக்கு வரவில்லை, யாரையும் கொண்டு போகவில்லை. அந்தப் பயத்திலேயே இருந்த நாங்கள் பள்ளியில் நடந்ததைக் கவனிக்கவில்லை. தலைமையாசிரியை அக்காவைக் கூப்பிட்டு, அணுகுண்டு வேண்டாம், கொசுப் புழுவைப் பற்றிச் செய் என்றார். அக்காவைப் பற்றி விசாரித்துக்கொண்டு யாரோ பள்ளிக்கு வந்து போனார்கள் என்றும், இந்தப் பள்ளிக்கு இப்படி ஒரு நாள் வந்ததில்லை என்றும் சொன்னாராம். அக்கா ஒரு ஜாடியில் கொசுப் புழுவை வைத்துவிட்டு அதன் பக்கத்தில் நாள் முழுக்க நின்றாள். மூன்றாம் பரிசு கிடைத்தது.

வருஷக் கடைசியில் நற்சான்று வந்தது. நல்ல மாணவி, ஒழுங்கானவள், எல்லாம் இருந்தது. கடைசி வரியில், இவருடைய ஆர்வங்கள் பாடத்திட்டத்துக்கு வெளியே செல்பவை, தகுந்த மேற்பார்வை தேவை என்று இருந்தது. அதை எடுத்துக்கொண்டுதான் அக்கா உபகாரச் சம்பளத்துக்குப் போனாள். நேர்முகத்தில் ஒருவர் அந்த வரியின் கீழ் விரலை வைத்து, இதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டாராம். அக்கா விளக்கினாளாம். எவ்வளவு நன்றாக விளக்கினாளோ அவ்வளவு மோசமாயிற்று என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. பரீட்சை முடிவு வந்தபோது பௌதிகத்தில் பள்ளியிலேயே முதல். உபகாரச் சம்பளம் வேறு யாருக்கோ போனது.

அப்பா தட்டச்சு இயந்திரத்தை எடுத்தார். மேல்முறையீடு எழுதலாம், மூன்று நகல் போடலாம் என்றார். அக்கா கார்பன் தாளை அவர் கையிலிருந்து வாங்கினாள்.

"போதும் பா. இனிமே எனக்காக யாருக்கும் எதையும் எழுதாதீங்க."

பயான் லெப்பாஸ் பக்கம் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் சேர்ந்தாள். பூதக்கண்ணாடி வழியாகச் சில்லுகளைச் சோதிக்கும் வேலை. தொழிற்சாலை பஸ் தினமும் கெலுகோர் வழியாகத்தான் போகும். அப்பா அதற்கப்புறம் பத்து வருஷம் இருந்தார், எதற்கும் கடிதம் எழுதவில்லை. குழாய் ஒழுகினால் வாளி வைத்தார். எனக்கு அவர் மீது கோபம் இருந்தது, இன்னும் இருக்கிறது. ஆனால் தெரியாது என்று சொன்ன அந்த முகத்தை நினைத்தால் கோபத்தைவிட இரக்கம்தான் முந்திக்கொண்டு வருகிறது. அண்ணனை லொறியில் ஏற்றிக்கொண்டு போனதைப் பார்த்த பையனின் முகம் அது. அன்றைக்கும் வாசலில் ஒருவன் பெயர்ப்பட்டியல் வைத்துக்கொண்டு நின்றிருப்பான்.

இவ்வளவுதானா என்று கேட்பீர்கள். நானும் இவ்வளவுதான் என்றே நினைத்திருந்தேன். சென்ற வருஷம் அக்காவைப் பார்க்கப் போனேன். ஓய்வு பெற்றுவிட்டாள், அத்தானும் அவளும்தான் வீட்டில். சமையலறையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தோம். வயதாகிறது, மனதில் வைத்துக்கொண்டு போகக் கூடாது என்று நானே ஆரம்பித்தேன்.

"அக்கா, அன்னிக்கு ஒன் நோட்ட எடுத்துப் பாத்து அப்பாகிட்ட சொன்னது நான்தான்."

அவள் கீரையிலிருந்து கையை எடுக்கவில்லை. "தெரியும்."

"அப்பா சொன்னாரா?"

"அப்பா சொல்லல. நோட்டக் கொண்டு வான்னு அவரு சொன்னப்போ அம்மா என்னைப் பாத்தாங்க, அப்பா என்னைப் பாத்தாரு. நீ மட்டும் தட்டப் பாத்துக்கிட்டு இருந்த."

"என் மேல கோவம் இல்லையாக்கா?"

"கோவமா? எழுதினது அப்பா. கேள்வி கேட்டது அந்த ஆளு. சான்று குடுத்தது டீச்சரு. நீ சின்னப் பிள்ளை லா, ஒன்னை என்ன சொல்றது." கொஞ்சம் நிறுத்தினாள். தண்டுகளை ஒரு பக்கம் ஒதுக்கினாள். "ஆனா அதுக்கப்புறம் ஒன் முன்னாடி நான் எதையும் எழுதினதில்ல. கவனிச்சியா?"

நான் சிரித்தேன், விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று. அவள் சிரிக்கவில்லை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் யோசித்துப் பார்த்தேன். தீபாவளி வாழ்த்து அட்டை ஒவ்வொரு வருஷமும் அத்தான் கையெழுத்தில்தான் வரும். என் கல்யாணத்துக்குக் கொடுத்த பரிசில் பெயர் எழுதிய சீட்டு இல்லை. அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்த நாள் படிவத்தை என் பக்கம் தள்ளி, நீயே எழுது என்றாள். அப்பாவின் கருமாதிக்குச் சாமான் பட்டியலை வாயால் சொன்னாள், நான் எழுதினேன். தங்கைக்கு விட்டுக்கொடுக்கிறாள் என்று ஒவ்வொரு தடவையும் உள்ளுக்குள் மகிழ்ந்திருக்கிறேன். கல்யாணமாகிப் போகும்வரை ஏழு வருஷம் ஒரே கட்டிலில் என் பக்கத்தில் படுத்திருந்தாள், அப்போதும் ஒரு வரி எழுதவில்லை.

யார் வீட்டில் என்ன நடந்தாலும் முதலில் கண்டுபிடிக்கிற பிள்ளை என்று எனக்குப் பேர். என் அக்காவின் கையெழுத்து எப்படி இருக்கும் என்று இப்போது கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.